உப்பிய கண்டென்சர்கள்

திரை வரவில்லையென்றால் ரேமைக் கழட்டு, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய், ஊது, திரும்ப மாட்டு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இந்த வைத்தியம் தெரிந்த பையன் தெருவுக்கு ஒருவன் இருந்தான். எங்கள் தெருவில் அது நான். பாட்டி வைத்தியம் மாதிரிதான், பாதி நேரம் பலிக்கும். பலிப்பதற்குக் காரணமும் உண்டு. ரேமின் தொடுமுனைகளில் தூசியும் ஈரமும் கைப்பட்ட எண்ணெய்ப் பசையும் படிந்து மின்தொடர்பு கெடும், தேய்த்தால் சரியாகும். சொல்லப்போனால் கழட்டி மாட்டினாலே பெரும்பாலும் போதும். ரப்பர் சடங்குக்காக.

2004 டிசம்பரில், பதினோராம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில், மூன்று நாள் ரப்பரால் தேய்த்தேன். திரை வரவில்லை. ரேம் கெட்டிருந்தால் வரவேண்டிய நீண்ட பீப் ஒலியும் வரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா விருதுநகரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். 27,000 ரூபாய். சங்கத்தில் கடன் வாங்கியது போக, அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. பையன் கம்ப்யூட்டர் படிப்பான் என்ற நம்பிக்கையில் வாங்கியது. பையன் கொஞ்சம் படித்தான், நிறைய கேம் ஆடினான். ஆகஸ்டில் அது தானாகவே அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. நவம்பரில், குளிர்ந்த காலை நேரங்களில், மூன்றாவது நான்காவது முறை பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வரும். ஒருமுறை வந்துவிட்டால் மதியம் வரை ஓடும். பிறகு அதுவும் நின்றது.

வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி கேம் நெறைய ஆடுவாரோ? ஓவர் ஹீட்ல போர்டு போயிருச்சு சார். இது வாரண்டில வராது. புது போர்டு 4,500 ஆகும்." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தைத்திருந்த துணி உறையை மானிட்டருக்குப் போட்டு மூடினார். அதன்பின் ஒரு மாதம் எங்களுக்குள் பேச்சு, சாப்பாட்டுத் தட்டை நகர்த்துவதற்கான சொற்களோடு நின்றுபோனது.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் டிவியைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் அண்ணன் மூலையில் உறைபோட்டுக் கிடந்ததைப் பார்த்து, "இது என்னாச்சு?" என்றார். அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ரேடியோவில் தொடங்கி டிவிக்கு வந்தவர். பக்கவாட்டு மூடியைக் கழட்டி டார்ச் அடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"தம்பி, இங்க வா. இந்த கண்டென்சர் தலையெல்லாம் பாரு. உப்பியிருக்கா?"

பிராசஸரைச் சுற்றி வரிசையாக ஏழு சிறிய உருளைகள். ஐந்தின் தலை பூரிபோல உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. மூன்று நாள் ரேமைத் தேய்த்தபோது என் விரல்கள் அவற்றிலிருந்து இரண்டு அங்குல தூரத்தில் இருந்திருக்கின்றன.

*

ரேடியோக்காரர்கள் கண்டென்சர் என்பதைத்தான் பொறியியல் கல்லூரியில் கெப்பாசிட்டர் என்பார்கள், பள்ளிப் பாடநூல் மின்தேக்கி என்கிறது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்தேக்கி பாடம் வந்தபோது, இது அந்த அண்ணன் காட்டிய உருளைதான் என்று புரிய எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. சூத்திரத்தில் இருப்பது இரண்டு தட்டுகள். பலகையில் இருப்பதோ தலையில் சிலுவைக் கீறல் போட்ட ஒரு குப்பி.

அந்தக் குப்பியின் வரலாறு நீளமானது. அலுமினியத்தை ஒருவகைக் கரைசலில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. போலந்துக்காரரான கரோல் போலாக் 1896-இல் இதைக்கொண்டு மின்தேக்கி செய்யலாம் என்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தத்துவம் இன்றுவரை மாறவில்லை. அலுமினியத் தாளை அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்குவார்கள், பரப்பு பலமடங்கு கூடும். அதன்மேல் ஆக்சைடு படலம். மின்பகுளியில் நனைத்த காகிதத்தை இடையில் வைத்துப் பாய்போலச் சுருட்டிக் குப்பியில் அடைத்து ரப்பரால் மூடுவார்கள். படலம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு மின்னூட்டம் நிற்கும். ஒரு வோல்ட்டைத் தாங்க ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டர் படலம் போதும். கட்டைவிரல் நகம் அகலமுள்ள குப்பியில் ஆயிரம் மைக்ரோஃபேரட்டுக்கு மேல் அடைக்க முடிவது இதனால்தான்.

மதர்போர்டில் இதற்கு என்ன வேலை? எங்கள் ஊரில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வரும்போது மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவைத்தால் குழாயில் நாள் முழுதும் ஒரே சீராக வரும். பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்றும் அப்படித்தான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 12 வோல்ட்டை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி, சுருள் வழியாக அனுப்பி, ஒன்றரை வோல்ட்டாகக் குறைக்கிறார்கள். வெட்டி வெட்டி வருவதைச் சீராக்கும் தொட்டிகள்தான் அந்த ஏழு குப்பிகள். தொட்டி கெட்டால் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும். பிராசஸர் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரம் தாகத்தில் தவித்தாலும் கணக்குத் தப்பும், கம்ப்யூட்டர் தானாக மறுதொடக்கம் ஆகும். ஆகஸ்டில் என் அறையில் நடந்தது அதுதான்.

தொட்டியின் கொள்ளளவு மட்டும் போதாது, அதிலிருந்து இறங்கும் குழாயில் அடைப்பு இருக்கக்கூடாது. மின்தேக்கியின் இந்த உள் அடைப்பை ஈஎஸ்ஆர் என்பார்கள், உள்ளே மறைந்திருக்கும் மின்தடை. பழைய கம்ப்யூட்டர்களில் இது பெரிய விஷயமாக இருக்கவில்லை. 2000-த்தின் இறுதியில் பென்டியம் 4 வந்தது. 2004-இல் வந்த அதன் பிரெஸ்காட் ரகங்கள் 100 வாட்டைத் தாண்டின. 100 வாட்டை ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் கொடுக்கவேண்டுமென்றால் 70 ஆம்பியர் பாயவேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட்தான், ஆனால் 230 வோல்ட்டில் ஓடுவதால் நாலு ஆம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கிறது. தீப்பெட்டி அளவு இடத்தில் 70 ஆம்பியர்! உள்தடை இருக்கும் மின்தேக்கி அங்கே வெந்துபோகும்.

உள்தடையைக் குறைக்க மலிவான வழி, மின்பகுளியில் தண்ணீர் சேர்ப்பது. கரிமக் கரைப்பான்களைவிடத் தண்ணீர் கலந்த கரைசல் நன்றாகக் கடத்தும், விலையும் குறைவு. 1990-களின் இறுதியில் ஜப்பான் நிறுவனங்கள் தண்ணீர் அதிகமுள்ள மின்பகுளியோடு குறைந்த உள்தடை ரகங்களைக் கொண்டுவந்தன. ஆனால் தண்ணீருக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. அடுப்படியில் அலுமினியச் சட்டி பத்து வருடம் உழைப்பது அதன் ஆக்சைடு தோலால்தான். அந்தத் தோலைத் தாண்டித் தண்ணீர் உலோகத்தைத் தொட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எனவே தண்ணீர் சேர்க்கும்போது அதன் வாயைக் கட்டவும் வேறு சில சேர்க்கவேண்டும், அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள். செய்முறையின் உயிர் அதில் இருந்தது.

*

2002 செப்டம்பர் வாக்கில் 'பாசிவ் காம்பொனன்ட் இண்டஸ்ட்ரி' என்ற தொழில்துறை இதழ், தைவானில் செய்த குறைந்த உள்தடை மின்தேக்கிகள் பெருமளவில் கெடுகின்றன, காரணம் மூலப்பொருளில் இருக்கிறது என்று எழுதியது. 2003 பிப்ரவரியில் 'ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம்' அதை உலகறியச் செய்தது. தைவானைச் சேர்ந்த ஏபிட் நிறுவனம் மட்டும் தன் மதர்போர்டுகளில் கெட்ட மின்தேக்கிகள் இருந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மற்றவர்கள் வாய்திறக்கவில்லை.

இதோடு ஒரு கதையும் பரவியது. ஜப்பானின் ரூபிகான் நிறுவனத்தில் வேலைபார்த்த விஞ்ஞானி ஒருவர் சீனாவின் லூமினஸ் டவுன் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்குப் போய் அதே மின்பகுளியைச் செய்தார். அங்கிருந்து அந்தச் செய்முறை மறுபடியும் திருடப்பட்டுத் தைவானுக்குப் போனது. ஒரு வடிவத்தில் திருடியவர் விஞ்ஞானியே, இன்னொரு வடிவத்தில் அவரிடம் வேலைபார்த்தவர்கள். எல்லா வடிவங்களிலும் ஒன்று மட்டும் மாறாது: திருடப்பட்டது முழுச் செய்முறை அல்ல. தண்ணீர் சேர்க்கும் பகுதி வந்தது, தண்ணீரைக் கட்டும் பகுதி வரவில்லை.

இதை முதலில் படித்தபோது எனக்கு அபிமன்யு நினைவுதான் வந்தது. சக்கர வியூகத்துக்குள் போகத் தெரிந்தவன், வெளியேறும் வழியைக் கேட்பதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். கதை அவ்வளவு கச்சிதம். அந்தக் கச்சிதம்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. திருட்டுக்கு வெளிப்படையான ஆதாரத்தை யாரும் முன்வைக்கவில்லை. கெட்டவை ஒரே நிறுவனத்தின் குப்பிகளும் அல்ல, பல பெயர்களில் வந்தவை, பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தவை.

வேதியியல் மட்டும் கதையல்ல. மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருவர் கெட்ட குப்பிகளை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஹைட்ரஜன் வாயு இருந்தது. லேசான அமிலத்தன்மையோடு இருக்கவேண்டிய மின்பகுளி காரத்தன்மைக்கு நகர்ந்திருந்தது. இருக்கவேண்டிய நிலைப்படுத்திகள் இல்லை. ஆக, தண்ணீர் அலுமினியத்தைத் தின்றிருக்கிறது, வாயு தலையை உப்பவைத்திருக்கிறது. தலையில் இருக்கும் சிலுவைக் கீறல் அழகுக்கு அல்ல. அழுத்தம் கூடினால் குப்பி வெடிக்காமல் அந்தக் கீறல் வழியாகப் பிளந்து வாயுவை விடவேண்டும் என்பதற்காக. செத்துப்போகும் விதத்தையும் முன்கூட்டி யோசித்துச் செய்த பொருள்கள் குறைவு.

குளிர்ந்த காலையில் ஏன் கிளம்பவில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. மின்பகுளி வற்றி, கெட்டுப்போன குப்பியில் குளிர்ச்சியின்போது உள்தடை இன்னும் ஏறும். மூன்று நான்கு தடவை பொத்தானை அழுத்தும்போது குப்பி கொஞ்சம் சூடாகி, உள்தடை இறங்கி, எப்படியோ எழுந்துகொள்ளும். அம்மா அதை "வயசானவங்க மாதிரி காலையில எந்திரிக்க கஷ்டப்படுது" என்றாள். அவள் சொன்னது சரி.

திருட்டுக் கதையின் மிகப்பெரிய ஓட்டை அமெரிக்காவில் தெரியவந்தது. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் என்ற அலுவலகக் கம்ப்யூட்டர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவற்றில் இருந்தது நிச்சிகான் குப்பிகள். நிச்சிகான் ஜப்பான் நிறுவனம், இந்தத் துறையில் மரியாதைக்குரிய பெயர். யாரிடமிருந்தும் அரைகுறையாகத் திருடவேண்டிய தேவை இல்லாதவர்கள். 2005-இல் டெல் இந்தப் பழுதுகளுக்காக 30 கோடி டாலரை ஒதுக்கியது. ஆனால் முழுக்கதை 2010-இல்தான் வெளியே வந்தது. கம்ப்யூட்டர்கள் கெட்டுப்போய் நஷ்டப்பட்ட ஒரு இணையச் சேவை நிறுவனம் வட கரோலைனாவில் 2007-இல் தொடுத்த வழக்கின் ஆவணங்களை நீதிமன்றம் திறந்துவிட்டது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற, ஆபத்துக்குள்ளான கம்ப்யூட்டர்கள் குறைந்தது 1.18 கோடி. மூன்றாண்டுகளில் அவற்றில் 97 சதவீதம் வரை பிரச்சினை வரலாம் என்று நிறுவனத்துக்காகச் செய்த ஆய்வே சொல்லியிருந்தது. பலகைகள் கெட்டவை என்று பொருள்படும் எந்தச் சொல்லையும் தவிர்க்கும்படி ஊழியர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கெட்ட பலகையை எடுத்துவிட்டு இன்னொரு கெட்ட பலகையை மாட்டிக்கொடுத்ததும் நடந்தது. அந்த வழக்கில் டெல்லுக்காக வாதாடிய வக்கீல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுமே இதே சந்தேகத்துக்குள்ளானவை என்பதை நாவலில் எழுதினால் நம்பமாட்டோம்.

நான் நின்றது வேறொரு வரியில். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் டெல் கம்ப்யூட்டர்கள் வரிசையாகக் கெட்டன. ஏன் என்று கேட்டதற்கு நிறுவனம் சொன்ன காரணம்: கடினமான கணக்குகளைப் போட்டு நீங்கள் கம்ப்யூட்டருக்கு அதிக வேலை கொடுத்துவிட்டீர்கள்.

செய்தி 2010 ஜூனில் வந்தது. நான் அப்போதுதான் கல்லூரி முடித்து, வேலைக்குச் சேரும் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். பேராசிரியர்கள் கணக்குப் போட்டதால் கம்ப்யூட்டர் கெட்டது. நான் கேம் ஆடியதால் கெட்டது. ஒரே வாக்கியம்தான், சொல்லும் கடைதான் வேறு. உடனே அப்பாவைக் கூப்பிட்டுப் படித்துக்காட்ட வேண்டும் என்று எழுந்தேன். அவர் ஈஸி சேரில் பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. ஆறு வருடம் முந்தைய ஒரு மாத மௌனத்தை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நான் கற்ற முதல் ஹார்டுவேர் பாடம் அது.

மெக்கானிக் அண்ணன் முதலில் என் ரஃப் நோட்டில் பலகையை வரைந்தார். எந்தக் குப்பியின் வெள்ளைக்கோடு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி. கோடு போட்ட கால் மைனஸ். பலகையிலும் வட்டத்தில் பாதியை நிழலடித்துக் குறித்திருப்பார்கள், ஆனால் அதை நம்பாதே, ஒரு கம்பெனி மைனஸ் பக்கம் நிழல் போடும், இன்னொருத்தன் பிளஸ் பக்கம் போடுவான், கழட்டறதுக்கு முன்னாடி வரைஞ்சுக்க என்றார். தலைகீழாக மாட்டினால் குப்பி வெடிக்கும்.

குப்பியில் 1,000 மைக்ரோஃபேரட், 6.3 வோல்ட் என்று போட்டிருந்தது. அவர் பையில் 6.3 இல்லை. ஒரு செத்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து 10 வோல்ட் குப்பிகளைத் தேடினார். திறப்பதற்கு முன் செய்த காரியம் இன்றும் நினைவிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே வேறொரு பெரிய குப்பி உண்டு. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேராக்கினால் 325 வோல்ட் வரும், அது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் நிற்கும். அவர் ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும் அதன் கால்களில் வைத்துப் பார்த்தார். "ஆள் செத்தாலும் அடிக்கும் தம்பி, இதை மட்டும் தெரியாம தொட்றாத." இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது ஸ்குரூ டிரைவரை எடுப்பதாக இருந்தால், மதர்போர்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"10 வோல்ட் போடலாமா?" என்றேன். "வோல்ட் கூட இருந்தா பரவால்ல, கொறைய இருக்கக்கூடாது. மைக்ரோ அதே இருக்கணும். அப்புறம் 85-ன்னு போட்டிருந்தா வேணாம், 105 போட்டதுதான் வேணும்." அது வெப்ப அளவு. வழக்கமான கணக்கு ஒன்று உண்டு: குப்பி 10 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும். அதனால்தான் விசிறியில் தூசி அடையவிடக்கூடாது என்பது. எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டுப் பக்கத்துக் குப்பிகள் குறைந்த உள்தடை ரகம், மதர்போர்டுக்கு அதுதான் சரி, ரேடியோவிலிருந்து எடுத்ததைப் போட்டால் சீக்கிரம் வெந்துபோகும். இந்த விளக்கம் எனக்குக் கல்லூரியில் கிடைத்தது. அவருக்கு ஈஎஸ்ஆர் என்ற சொல் தெரியாது. "இதுக்கு அந்த இடத்து சரக்குதான் தாங்கும்" என்றார், அவ்வளவே.

கழட்டுவதுதான் பெரும்பாடு. மதர்போர்டு பல அடுக்கு. உள்ளே தாமிரத் தகடு பரவியிருப்பதால் சால்டரிங் அயர்ன் கொடுக்கும் சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். அவருடைய 25 வாட் அயர்ன் தோற்று, 60 வாட்டை எடுத்தார். பழைய ஈயத்தின் மேல் புது ஈயத்தை விட்டு இளக்கி, குப்பியை ஒருகால் மாற்றி ஒருகாலாக ஆட்டி ஆட்டி எடுத்தார். ஓட்டையில் நின்ற ஈயத்தைச் சூடாக இருக்கும்போதே அம்மாவின் ஊக்கால் குத்தித் திறந்தார். ரொம்ப நேரம் சூடு வைத்தால் தாமிரத் தடம் உரிந்துவந்துவிடும். ஐந்தை மாற்ற இரண்டு மணிநேரம் ஆனது. மீதி இரண்டு தட்டையாக இருந்தன, தவிர கையில் வேறு குப்பியும் இல்லை. விட்டுவிட்டார்.

அப்பா இந்த நேரம் முழுதும் வாசலில் நின்றிருந்தார். பொத்தானை அழுத்தியதும் ஒரு சின்ன பீப் கேட்டது. 1981-இல் ஐபிஎம் பிசியில் தொடங்கிய வழக்கம் அது, எல்லாம் நலம் என்பதற்கு ஒரு சிறு ஒலி. அப்பா உள்ளே வந்து, கம்ப்யூட்டரைப் பார்க்காமல் மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப இது கேம் ஆடுனதால இல்லியா?"

அண்ணன் ஈயப்புகையை ஊதிக்கொண்டே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கேம் ஆடுனா சூடு கொஞ்சம் கூடத்தான் செய்யும் சார். நல்ல கண்டென்சர்னா தாங்கியிருக்கும்."

கூலி 120 கேட்டார். அப்பா 150 கொடுத்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு மானிட்டரின் துணி உறை மடித்து அலமாரியில் இருந்தது.

*

அதற்குப் பிறகு குப்பிகள் திருந்தின. 2007-க்குப் பின் மதர்போர்டு விளம்பரங்களில் 'சாலிட் கெப்பாசிட்டர்' என்பது பெருமையான வரியானது. திரவத்துக்குப் பதில் கடத்தும் பாலிமர், எனவே கசிவதற்கும் உப்புவதற்கும் உள்ளே ஒன்றுமில்லை. இன்று மதர்போர்டில் பிராசஸர் பக்கம் சிலுவைக் கீறல் இல்லாத மொட்டைத் தலைகளைப் பார்த்தால், அந்தக் கீறல் ஏன் தேவையில்லாமல் போனது என்பது இந்தக் கதை.

ஆனால் அதே காலத்தில் பழுது வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகளில் சில, பொதிக்கும் பொருளின் பலவீனத்தால் கெடுகின்றன என்று அறிவித்து 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிலிக்கான் துண்டு சிப்பின் அடித்தட்டில் நூற்றுக்கணக்கான நுண்ணிய பற்றாசு மொட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கும். லேப்டாப் சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து அந்த மொட்டுகளில் விரிசல் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாது, டார்ச் அடித்தால் தெரியாது, ஊக்கால் குத்த முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் பற்றாசில் ஈயத்தைத் தடைசெய்திருந்ததால், பலர் பலகைக்கும் சிப்புக்கும் இடையிலிருந்த ஈயமில்லாப் பற்றாசின் மேல் பழிபோட்டார்கள். உலகெங்கும் ஆட்கள் மதர்போர்டைக் கேக் அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். நம் கடைகளில் ஹாட் கன்னால் சூடுவைத்து 'ரீபால்' என்று பில் போட்டார்கள். வேலையும் செய்தது, சில வாரம், சில மாதம். சூட்டில் உள்விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு மறுபடி விடும். சரிசெய்தவனும் ஏமாற்றவில்லை, அவனுக்கும் அது திரையில் படம் வந்ததாகத்தான் தெரிந்தது. ரப்பரால் ரேமைத் தேய்த்ததன் அடுத்த தலைமுறை அது.

ஐபிஎம் தன் முதல் பிசியோடு விற்ற தொழில்நுட்பக் கையேட்டில் முழுச் சுற்றுப்படங்களையும், பயாஸ் நிரலின் ஒவ்வொரு வரியையும் அச்சிட்டிருந்தது. இப்போது நான் தட்டச்சு செய்யும் லேப்டாப்பில் ரேமைக் கழட்டவே முடியாது, பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள். மெலிதாக இருப்பதற்கும் வேகத்துக்கும் அதில் நியாயம் இருக்கிறது என்பது என் தொழிலால் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை அடிமூடியைக் கழட்டி, விசிறிக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவே கம்பளிபோலப் படிந்திருக்கும் தூசியை உரித்தெடுக்கிறேன், விசிறி எதிர்த்திசையில் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு. சென்னையில் இருந்த வருடங்களில் மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெருவில் சனிக்கிழமைகளில் சும்மாவே நடப்பேன். கடைவாசலில் குவித்த பழைய பலகைகளை எடுத்துத் தலைகளைத் தடவிப் பார்ப்பேன். கடைக்காரர்கள் என்னைப் பெரிய வியாபாரி என்று நினைத்துப் பேரம் பேச வருவார்கள்.

அந்தத் தடவும் பழக்கம் 2005-இல் வந்தது. மாற்றிய ஐந்தும் மாற்றாத இரண்டும் எப்படியிருக்கின்றன என்று மாதம் ஒருமுறையாவது மூடியைத் திறந்து விரலால் பார்ப்பேன். 2009-இல் அந்தக் கம்ப்யூட்டரைப் பரணில் ஏற்றிய அன்றும் பார்த்தேன். ஏழும் தட்டை.

சென்ற வைகாசியில் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தோம். பெட்டி இறங்கியது. மூடியைக் கழட்டி, பழக்கதோஷத்தில் விரலை விட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்த ஐந்தும் தட்டையாகவே இருந்தன. மாற்றாமல் விட்ட இரண்டும் உப்பி, ஒன்று பிளந்து பழுப்பாகக் கசிந்திருந்தது. பதினைந்து வருடம் மின்சாரமே பாயாத பலகை. நிலைப்படுத்தி இல்லாத தண்ணீர் இருட்டில் உட்கார்ந்து அலுமினியத்தைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தொன்று. கண்புரை அறுவைக்குப் பின் நன்றாகத் தெரிகிறது என்கிறார். பலகையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அந்த இரண்டைக் காட்டினேன். 2009-இல் ஏற்றும்போது இவை சரியாக இருந்தன என்றேன். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, டெக்சாஸையும் பேராசிரியர்களையும் இழுக்கவில்லை. வாங்கி, விரலால் ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்த்தார். உப்பியதில் வந்ததும் நின்றார்.

"பரண்ல யாருடா கேம் ஆடுனது?" என்றார்.

சிரித்தார் என்று சொல்லமுடியாது. பலகையைத் திருப்பித் தராமல், கையில் வைத்துக்கொண்டே பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போடவேண்டியதைப் பிரிக்கப் போனார். சாயங்காலம் பார்த்தபோது பெட்டியும் மானிட்டரும் போயிருந்தன. பலகை மட்டும் அவருடைய அலமாரியில், சங்கத்துப் பழைய கணக்குப் புத்தகங்களின் மேல் இருந்தது.